நின்றால் சூடேறும் கார்

நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும்போது எவ்விதத் தொல்லையும் தராத ஒரு கார், நகர நெரிசலில் பத்து நிமிடம் நின்றதும் கொதித்து ஆவி கக்குகிறது. பழைய வேகக் கார்களைப் பேணி வருவோர் நன்கு அறிந்த தொல்லை இது. கடுமையாக உழைக்கும்போது அல்லவா எஞ்சின் சூடேற வேண்டும்? நிற்கும்போது ஏன் சூடேறுகிறது?

இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் 1961ஆம் ஆண்டு ஜெனீவாவில் அறிமுகப்படுத்திய ஈ-டைப் காரை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர்களும் 3.8 லிட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின் அதற்கு. மணிக்கு ஏறத்தாழ 240 கி.மீ. வேகம் எட்டும் கார் என்று பெயர் பெற்றது. காற்றுத் தடையைக் குறைப்பதற்காக அதன் முகப்பு நீண்டு குவிந்திருக்கும். காற்று நுழையும் வாயும் சிறியது.

எவ்வளவு காற்று தேவை?

பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் சக்கரங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. பெரும்பகுதி வெப்பமாகிப் புகைக்குழாய் வழியாகவும், எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வழியாகவும் வெளியேறுகிறது. நீர் அந்த வெப்பத்தை ரேடியேட்டருக்குச் சுமந்து செல்கிறது. அங்கே அதைப் பெற்றுக்கொள்வது காற்றுதான்.

ரேடியேட்டர் நொடிக்கு 30 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று கொள்வோம். ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 1 கிலோஜூல் வேண்டும். காற்று 30 டிகிரி சூடாகி வெளியேறினால், நொடிக்கு ஒரு கிலோகிராம் காற்று தேவை. அதாவது நொடிக்கு 830 லிட்டர்!

வேகத்தின் வர்க்கம்

இவ்வளவு காற்றை உள்ளே தள்ளுவது எது? எதிர்க்காற்றின் அழுத்தம். அது காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் பாதி. மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் இது ஏறத்தாழ 2,670 பாஸ்கல். வேகம் 24 கி.மீ. ஆகும்போது அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைவதில்லை. நூறில் ஒரு பங்காக, 27 பாஸ்கலாக விழுந்துவிடுகிறது. நின்றுவிட்டாலோ, அதுவும் இல்லை! அப்போது எஞ்சின் தரும் வெப்பமும் குறைவுதான். ஆனால் காற்று அதைவிட மிகுதியாகக் குறைந்துவிடுகிறது. இனி விசிறி ஒன்றே துணை.

ஆகவேதான் ஈ-டைப்பில், நீர் சூடேறியதும் தானே சுழலும் மின்விசிறி அமைத்தார்கள். 1968இல் வந்த இரண்டாம் வரிசைக் கார்களில் முகப்பு வாயைப் பெரிதாக்கி, இரண்டு மின்விசிறிகளைப் பொருத்தினார்கள்.

வெளியேறவும் வழி வேண்டும்

வீட்டில் ஒரு சன்னலை மட்டும் திறந்தால் காற்று வருவதில்லை. எதிர்ச் சன்னலையும் திறந்தால் வீசுகிறது. காரிலும் அப்படித்தான். ரேடியேட்டரின் முன்புறத்திலும் பின்புறத்திலும் அழுத்தம் சமமானால் காற்று நகராது. ஈ-டைப்பின் எஞ்சின் மூடியில் காணும் வரிசைப் பிளவுகள் அழகுக்காக மட்டும் அல்ல. சூடான காற்று வெளியேறும் வாயில்கள் அவை.

காற்று எப்போதும் எளிய வழியையே நாடும். ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளி இருந்தால், நெருக்கமான தகடுகளுக்குள் நுழையாமல் ஓரமாக நழுவிவிடும். ஆகவே பழைய காரைப் பேணுவோர் பெரிய விசிறியைத் தேடுமுன், இந்த இடைவெளிகளை அடைக்க வேண்டும். தகடுகளில் படிந்த தூசியையும் குழாய்களில் படிந்த உப்பையும் நீக்க வேண்டும்.

அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? ஈ-டைப் எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். அளவுக்கு மீறிச் சூடேறினால் தலைப்பகுதி வளைந்து, இடையிலுள்ள கேஸ்கட் பழுதாகி, எஞ்சினே கெட்டுவிடலாம்.

ஓர் எச்சரிக்கை! ரேடியேட்டர் மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 112 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, நீர் ஒரே நொடியில் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை எந்த வண்டியின் மூடியையும் தொடாதீர்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் எவ்வளவு? 240 கி.மீ. வேகத்தில் உள்ளதில் பதினாறில் ஒரு பங்கு வருகிறதா என்று பாருங்கள்.