உங்களுக்குத் தெரியுமா? காதில் கிடைத்த பூஞ்சை ரத்தத்துக்கு வந்த கதை

2009-க்கு முன் இந்தப் பூஞ்சைக்குப் பெயரே கிடையாது. டோக்கியோவில் 70 வயதுப் பெண் ஒருவரின் காதிலிருந்து எடுத்தார்கள். 'கேண்டிடா ஆரிஸ்' என்று பெயரிட்டார்கள். லத்தீனில் ஆரிஸ் என்றால் காது. இன்று ஐசியு நோயாளிகளின் ரத்தத்தில் கலந்து உயிரைப் பறிக்கிறது.

• 2011-12இல் இந்தியாவின் 27 ஐசியுக்களில் கேண்டிடா இனப் பூஞ்சைகளால் வந்த 1,400 ரத்தத் தொற்றுகளை ஆராய்ந்தார்கள். பெயர் சூட்டி மூன்றே ஆண்டுதான். அதற்குள் 19 ஐசியுக்களில் ஆரிஸ்! (முதலிடம் இன்னொரு கேண்டிடாவுக்கு: டிராபிகாலிஸ்.)

• பூஞ்சை ரத்தத்தில் கலந்தால் கொடுக்க, முக்கியமாக மூன்றே வகை மருந்துகள். அவற்றில் மலிவான, மாத்திரையாகவே கிடைக்கும் ஃப்ளூகோனசோல் ஆரிஸிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக்கோ அதைத் தொடவே தொடாது.

• மருத்துவமனைக்கு வெளியே, இயற்கையில் இதை முதலில் கண்டது எங்கே? நம் அந்தமானில்! கடற்கரையிலும் உப்புச் சதுப்பு நிலத்திலும் கிடைத்ததாக 2021இல் ஆய்வு வெளியானது.

• 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், மிக அவசரக் கவனம் தேவைப்படும் நான்கில் இதுவும் ஒன்று.

• எந்த அறிகுறியும் இல்லாமல் தோலில் ஒட்டியிருக்கும். கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஓசூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ பெங்களூரு ஐசியுவுக்கு உறவினரைப் பார்க்கப் போகிறீர்களா? உள்ளே நுழையும்போது மட்டுமல்ல, வெளியே வரும்போதும் கையைக் கழுவுங்கள்.