ஹாங்காங்கின் செங்குத்தான தெருவில் ஒரு பள்ளிவாசல்

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் நம் தெருக்கள் சமதளமானவை. பள்ளிவாசலுக்குச் செல்ல மூச்சிரைக்க மேடேற வேண்டிய நிலை நமக்கில்லை. ஆனால் காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து நம் மக்கள் வணிகத்துக்காகச் சென்று வாழும் ஹாங்காங்கில், மிகப் பழைய பள்ளிவாசலான ஜாமிஆ மஸ்ஜித் ஷெல்லி தெரு என்ற செங்குத்தான தெருவில் அமைந்துள்ளது.

கடலோர வணிகப் பகுதியிலிருந்து மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு ஏறும் தெரு இது. கீழே ஹாலிவுட் சாலை, நடுவே கெய்ன் சாலை, அதற்கும் மேலே பச்சையும் வெள்ளையுமான பள்ளிவாசல். அதையொட்டிய தெருவின் பெயரே 'மாஸ்க் ஸ்ட்ரீட்', அதாவது பள்ளிவாசல் தெரு.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலிருந்து மாலுமிகளாகவும், சிப்பாய்களாகவும், வணிகர்களாகவும் வந்த முஸ்லிம்களே இங்கு முதல் ஜமாஅத்தை உருவாக்கினர். 1850-இல் இந்நிலம் 999 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டது. இன்றுள்ள கட்டடம் 1915-இல் பம்பாய் வணிகர் ஹாஜி முஹம்மது ஈசாக் எலியாஸின் பொருளுதவியால் எழுந்தது.

முன்பு இங்கு வருவோர் படியேறித்தான் வர வேண்டும். 1993-இல் சுமார் 800 மீட்டர் நீளமும் 135 மீட்டர் ஏற்றமும் கொண்ட நகரும் படிக்கட்டு வரிசை திறக்கப்பட்டது. அது பள்ளிவாசலின் வாயிலருகே செல்கிறது. வேலைக்குச் செல்வோருக்காகக் காலை 6 முதல் 10 மணிவரை கீழ்நோக்கியும், பின்னர் நள்ளிரவுவரை மேல்நோக்கியும் ஓடும். ஆகவே ஜும்ஆவுக்கு முதியவர்களும் எளிதாக வரலாம், இறங்கும்போதுதான் படிகள். ஃபஜ்ருக்கு வருவோருக்கோ இன்றும் ஏற்றம்தான்.

சுற்றிலும் அடுக்குமாடிகள் வானுயர நிற்கின்றன. நிலத்தின் விலை உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அதன் நடுவே மரநிழலும் முற்றமும் மினாராவுமாகப் பள்ளிவாசல் நிலைத்திருக்கக் காரணம், அன்றே எழுத்தில் பதிவான நில உரிமையும் ஜமாஅத்தின் விடாத கவனிப்பும் ஆகும். 2022-இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தது.

தொழிற்சாலைகள் வந்து நிலமதிப்பு ஏறிவரும் நம் பகுதிக்கும் இதில் பாடம் இருக்கிறது. நம் மஹல்லாவின் பள்ளிவாசல், மையவாடி நிலங்களுக்கான ஆவணங்கள் யாரிடம், எந்த நிலையில் உள்ளன? இந்த வாரமே பெரியவர்களிடம் கேட்டு, பத்திரமாகப் பிரதி எடுத்து வைப்போம். கட்டியவர்கள் மறைந்தாலும் எழுத்து பேசும்.