முழங்காற் பிணைநார்க் காயமும் கத்தியில்லா வைத்தியமும்

உதைபந்தாட்ட வீரனொருவன் விரைந்தோடி வருகையிற் சடுதியாகத் திரும்புகின்றான். பாதம் நிலத்தில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சுழலுகின்றது. முழங்காலினுள்ளே 'படீர்' என்றோர் ஓசை. சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடுகின்றது. இவ்வாறு அறுவது பெரும்பாலும் முன்சிலுவைப் பிணைநாராகும். கணைக்காலென்பு முன்னோக்கி வழுவாது மூட்டின் நடுவே நின்று காப்பது அதுவே.

முழங்காலின் உட்புறத்துப் பக்கப் பிணைநார் தனித்துக் காயமுற்றால், தாங்குபட்டை அணிந்து பேணச் சில வாரங்களிற் பெரும்பாலும் தானே பொருந்தும். முன்சிலுவைப் பிணைநாரோ ஒருபோதும் ஒட்டாது, சத்திரசிகிச்சையே கதி என நெடுங்காலம் கருதப்பட்டது. 2010ஆம் ஆண்டில் வெளியான சுவீடன் தேசத்து ஆய்வு அக்கருத்தை அசைத்தது. காயமுற்ற 121 இளவயதினரில் ஒரு சாராருக்கு உடனே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மறுசாரார் முதலிற் பயிற்சி வைத்தியமே பெற்றனர். ஈராண்டின் பின் இருசாராரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சி பெற்ற 59 பேருள் 23 பேரே அதற்குள் சத்திரசிகிச்சையை நாடினர். தொழில்முறை வீரர் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அவுஸ்திரேலியாவில் முழங்காலை 90 பாகையில் மடக்கி நான்கு வாரம் பிணித்து, பின்னர் சிறிது சிறிதாகத் தளர்த்தினர். 2023இல் வெளியான அவ்வறிக்கையின்படி 80 பேருள் 72 பேருக்கு நார் பொருந்தும் அடையாளம் மூன்றாம் மாதத்திலேயே தென்பட்டது. வியத்தகு செய்தியே, எனினும் ஒப்புநோக்க மறுகுழு இல்லாமையால், முடிந்த முடிபாக இதனைக் கொள்ளோம்.

பயிற்சி என்றால் எண்ணெய் பூசி இழுத்துவிடுதல் அன்று. முதலில் வீக்கம் வடிந்து கால் முற்றாக நிமிர வேண்டும். பின்னர் முன்தொடைத் தசையும் பின்தொடைத் தசையும் வலுப்பெற வேண்டும். பின்தொடைத் தசை கணைக்காலென்பைப் பின்னிழுப்பதால், அறுந்த நாரின் பணியில் ஒரு பங்கைத் தானேற்கும். அதன்மேல் ஒற்றைக்கால் நிலை, துள்ளல், திரும்பியோடல் என மாதக்கணக்கிற் படிப்படியாக உயரும். பெரும்போட்டி அண்மிவிட்டதெனக் களம் புக விரும்பும் மாணவரிடம் நாம் கேட்பது ஒன்றே: காயப்பட்ட காலின் வலு மற்றைக் காலின் வலுவில் 90 வீதமேனும் உண்டா? அளந்து பார்த்தீரா?

பயிற்சியின் பின்னும் முழங்கால் நழுவுமாயின், ஒவ்வொரு நழுவலும் உள்ளிருக்கும் பிறைக் குருத்தென்பைக் கிழிக்கக்கூடும். அத்தகையோர்க்குச் சத்திரசிகிச்சையே மேலான பயன் தந்ததென 316 பேரைக் கொண்டு நடந்த பிரித்தானிய ஆய்வு 2022இற் காட்டிற்று. மடக்கவோ நிமிர்த்தவோ முடியாது பூட்டுண்ட முழங்காலுடையார் பயிற்சியிற் காலங்கழியாது உடனே என்பு வைத்தியரை நாடுதல் வேண்டும்.