பிளாஸ்டிக் கவசமும் பட்டறைக்காரரின் வழக்கும்

1976-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், லண்டன் மாநகரின் மேற்கே டுவிக்கன்ஹாம் பகுதியில் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் என்பவர் நடத்தி வந்த பிளாஸ்டிக் பட்டறைக்கு ஒரு களிமண் தலை வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர் அவருக்குத் தெரிந்த கலைஞரான நிக் பெம்பர்ட்டன். அந்த மண் தலையைப் பார்த்துப் பிளாஸ்டிக்கில் தலைக்கவசங்கள் செய்து தர வேண்டும். சினிமாப் படம் ஒன்றுக்கு வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும்.

அந்தப் படம் 1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. உலகமெங்கும் வசூலைக் குவித்தது. கொடுங்கோல் சாம்ராஜ்யத்தின் சிப்பாய்களாக, தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம் அணிந்து வரும் ஸ்டார்ம்டிரூப்பர்கள் அணிந்தவை எய்ன்ஸ்வொர்த்தின் பட்டறையில் வார்க்கப்பட்டவைதாம். திரையில் இரும்பு போல் மின்னிய அந்தக் கவசம், உண்மையில் இனிப்புப் பெட்டிக்குள் இருக்கும் குழிகுழியான பிளாஸ்டிக் தட்டு எப்படிச் செய்யப்படுகிறதோ, அதே முறையில் செய்யப்பட்டது.

சூடான ஷீட், உறிஞ்சும் காற்று

இத்தொழிலுக்கு வேக்குவம் பார்மிங் என்று பெயர். நம்மவர்களில் பலர் இந்த மெஷினில் வேலை பார்த்திருப்பார்கள். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் ஷீட்டைச் சட்டத்தில் பூட்டி, சுமார் 150 டிகிரி வரை சூடேற்றுவார்கள். ஷீட் இளகி, நனைந்த வேட்டி கொடியில் தொங்குவது போல் நடுவில் தொய்யும். அந்த நேரம் பார்த்து அச்சின் மேல் இறக்கி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியே காற்றை உறிஞ்ச வேண்டும். ஷீட் அச்சோடு ஒட்டிக்கொண்டு அதன் உருவத்தை எடுத்துக்கொள்ளும். சில நொடிகள் முந்தினால் மூலை முடுக்குகள் சரியாக எழாது. பிந்தினால் ஷீட் மெலிந்து கிழிந்துவிடும். ஷீட் அதிகம் இழுபடும் இடத்தில் தகடு மெல்லியதாகிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தலைக்கவசம் ஒரே துண்டாக வராது. முகம் ஒன்று, பின்மண்டை ஒன்று. இரண்டும் சேரும் பக்கவாட்டு இணைப்பை மறைக்கக் காதுகள் தனியே. கண்ணும் வாயும் வார்ப்பில் வெறும் பள்ளங்களாகத்தான் வரும். கத்தியால் கையோடு அறுத்தெடுக்க வேண்டும். ஆகையால் ஒரே அச்சில் வந்த இரண்டு தலைகள் கூட ஒன்று போல் இருப்பதில்லை.

மார்பு, முதுகு, தோள், தொடை ஆகியவற்றின் கவசங்களுக்கு எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் பிரையன் முயர் என்ற சிற்பி களிமண்ணில் உருவம் செய்தார். கையால் பிசைந்த மண் ஆதலால் இடமும் வலமும் சரிசமமாக இல்லை. அந்தக் கோணல் அப்படியே பிளாஸ்டிக்கிலும் இறங்கியது. இன்று இதே கவசத்தைச் செய்து அணிபவர்கள் அந்தக் கோணலை நேராக்குவதில்லை. கோணல் இருந்தால்தான் அசல் போல் இருக்கும் என்று தேடி வாங்குகிறார்கள்!

முதலில் வந்த தலைக்கவசங்கள் பாலிஎத்திலீன் ஷீட்டில் வார்க்கப்பட்டவை. நம் வீட்டுத் தண்ணீர்க் குடமும் இந்தப் பிளாஸ்டிக்தான். அதன் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். குடத்தின் மேல் பெயிண்ட் அடித்துப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. பிடிக்காது, செதில் செதிலாக உரியும். உடல் கவசம் ஏ.பி.எஸ். என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். அது பிறவியிலேயே வெள்ளை, பளபளப்பும் உண்டு. தாராவியில் பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் தொழிலாளியிடம் இரண்டு துண்டையும் கொடுத்தால், தண்ணீரில் போட்டோ கொளுத்தி மோந்து பார்த்தோ, மிதப்பது இது, மூழ்குவது அது, மெழுகு வாசனை இதற்கு, கரும்புகை அதற்கு என்று ஒரு நிமிடத்தில் பிரித்துவிடுவார்.

இந்தக் கவசத்துக்குள் இருந்த நடிகர்கள் பட்ட பாடு வேறு கதை. கண் துவாரத்தில் பச்சை நிறத் தகடு. மூச்சு பட்டால் பனி படர்ந்துவிடும். கீழே குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பார்க்க முடியாது. தொடைக் கவசத்தோடு உட்காரவும் முடியாது. படத்தில் ஒரு காட்சியில் சிப்பாய் ஒருவர் அவசரமாக உள்ளே நுழையும்போது கதவில் தலையை மோதிக்கொள்கிறார். அது நடிப்பு அல்ல. அந்தக் காட்சி வெட்டப்படாமல் படத்திலேயே தங்கிவிட்டது. பின்னாளில் வெளியிட்ட பதிப்பில் 'டங்' என்று ஓசையும் சேர்த்துவிட்டார்கள்.

ஆளுக்கு அளவெடுத்து

படம் வந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1997-இல், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஆல்பின் ஜான்சன் என்பவர் இந்தக் கவசம் அணிவோருக்கு ஒரு சங்கம் தொடங்கினார். கார் விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். வெள்ளைக் கவசத்துக்குள் புகுந்துவிட்டால் எந்தக் கால் மரக்கால் என்று யாருக்கும் தெரியாது. '501-வது லீஜியன்' என்ற அந்தச் சங்கத்தில் இன்று பல நாடுகளிலும் 10,000-க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்கு வேடமணிந்து செல்வதும், தருமக் காரியங்களுக்கு நிதி திரட்டுவதும் அவர்கள் வேலை.

சேர விரும்புபவர் கவசத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலோருக்குக் கிடைப்பது ஓரம் வெட்டாத, வெள்ளைப் பிளாஸ்டிக் வார்ப்புகள் அடங்கிய ஒரு பெட்டி. அதைப் பிரித்துப் பார்த்தவுடன் பலருக்குத் தலை சுற்றும். வார்ப்பின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். நேர்கோடானால் கத்தியால் கீறிவிட்டு மடக்கினால் பட்டென்று ஒடியும். பிறகு அரம், பிறகு உப்புத்தாள். கை, கால் கவசங்கள் இரண்டு பாதியாக வரும். அணிபவரின் முழங்கைக்கும் கெண்டைக்காலுக்கும் வைத்துப் பார்த்து, மிச்சத்தைக் கழித்து, உள்ளே ஒரு பட்டை வைத்து ஒட்ட வேண்டும். தையற்காரர் அளவெடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. துணியைத் தவறாக வெட்டினால் ஒட்டுப் போடலாம், இதில் அந்த வசதி குறைவு, அவ்வளவே.

அனுபவசாலிகள் முதலில் கிளிப்பும் காந்தமும் வைத்துப் பிடித்து, உடலில் மாட்டி நடந்து பார்த்த பின்பே பசை தடவுகிறார்கள். அதிலும் கொஞ்சம் இளகும் தன்மையுள்ள பசையைத்தான் விரும்புகிறார்கள். கல் போல் இறுகும் பசை, நடக்கும்போது விழும் அதிர்ச்சியில் விண்டுபோகும். துண்டுகளை உடலோடு இணைப்பது எலாஸ்டிக் வார், பிரஸ் பட்டன், வெல்க்ரோ. நம் தெருக்கூத்துக் கலைஞர் புஜக்கீர்த்தியையும் மார்ப்பதக்கத்தையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறாரே, அதே சூட்சுமம்தான். தலைக்கவசத்துக்குள் கம்ப்யூட்டரில் இருக்கும் குட்டி விசிறியைப் பொருத்திக்கொள்பவர்களும் உண்டு. பனி படரும் தொல்லை அதனால் குறைகிறது.

மஞ்சள் பூத்தால்

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு வெயில் ஆகாது. அதில் பியூட்டாடையீன் என்ற ரப்பர்ச் சரக்கு கலந்திருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் முதலில் கெடுவது அதுவே. வெள்ளை மெல்ல மெல்ல மஞ்சளாகும், பிறகு மொறுமொறுப்பாகி விரிசல் விடும். பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளில் இந்த மஞ்சளைப் பார்க்கலாம்.

மேலோட்டமான கீறல் என்றால் பயப்பட வேண்டியதில்லை. பெயிண்ட் கடைகளில் விற்கும் வாட்டர் பேப்பரில் 800-ஆம் நம்பர், 1500, 2000 என்று படிப்படியாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் போட்டுப் பஃப் கொடுத்தால் பழைய மினுமினுப்பு திரும்பும். வேகமாகச் சுழலும் பஃப் சக்கரம் கூடாது. உரசும் சூட்டில் பிளாஸ்டிக்கே உருகிக் குழம்பிவிடும்.

விரிசலுக்கும் வைத்தியம் உண்டு. வெட்டி எறிந்த துண்டுகளைச் சிறிது அசிட்டோனில் ஊறப்போட்டால் பட்டி போன்ற குழம்பாகிறது. அதை விரிசலில் அப்பி, ஒன்றிரண்டு நாள் காயவிட்டுத் தேய்த்தால், அதே பிளாஸ்டிக் அதே நிறத்தில் ஒன்றாகிவிடும். ஆகவேதான் கெட்டிக்காரர்கள் வெட்டிய கழிவைக் குப்பையில் போடுவதில்லை. அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்து, பீடி, அடுப்புப் பக்கம் போகாமல் செய்ய வேண்டிய வேலை. பாலிஎத்திலீன் தலைக்கவசத்தில் இந்த வித்தை பலிக்காது. அது அசிட்டோனில் கரைவதில்லை.

முழுக்க மஞ்சளானதை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெளுக்கும், ஆனால் நாளடைவில் மஞ்சள் திரும்பவும் வரக்கூடும். மிச்சமிருப்பது, மேலே லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் கொடுத்து வெள்ளை ஸ்பிரே அடிப்பது. அணிந்து திரியும் கவசத்துக்கு இது சரி. 1976-இல் வார்த்த அசல் ஒன்று கையில் இருந்தால் தொடவே கூடாது. உரிந்த பெயிண்டும் மஞ்சளும்தான் அதற்குச் சாட்சி. புதுப்பித்தால் விலை இறங்கிவிடும்.

சிற்பமா, சாமானா?

இவ்வளவு மவுசு வந்த பிறகு, முதலில் வார்த்தவர் சும்மா இருப்பாரா? எய்ன்ஸ்வொர்த்திடம் பழைய அச்சுகளில் சில மிஞ்சியிருந்தன. 2004-இல் அவற்றைக் கொண்டு தலைக்கவசமும் கவசமும் செய்து விற்கத் தொடங்கினார். அமெரிக்காவுக்கும் கொஞ்சம் அனுப்பினார். படத்தின் சொந்தக்காரர்களான லூகாஸ்பிலிம் வழக்குத் தொடுத்தது. 2006-இல், அவர் தரப்பு வாதம் நடைபெறாத நிலையில், கலிபோர்னியா நீதிமன்றம் 2 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. சிறு பட்டறைக்காரர் ஒருவர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்டக்கூடிய தொகையா அது? அந்தத் தீர்ப்பை இங்கிலாந்தில் நிறைவேற்ற முடியாது என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் பின்னர் கூறியதால் தப்பினார்.

இங்கிலாந்தில் நடந்த வழக்கில் கேள்வி விசித்திரமானது. இந்தத் தலைக்கவசம் சிற்பமா, இல்லையா? சிற்பம் என்றால் நீண்ட காலக் காப்புரிமை உண்டு. சாமான் என்றால் சட்டம் தரும் பாதுகாப்பு சில ஆண்டுகளே, அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. 2008-இல் உயர்நீதிமன்றமும், 2009-இல் அப்பீல் நீதிமன்றமும், கடைசியாக 2011 ஜூலையில் உச்சநீதிமன்றமும் சிற்பம் அல்ல என்றே சொல்லின. கலைப்படைப்பு என்பது திரைப்படம், தலைக்கவசம் அதை எடுக்கப் பயன்பட்ட ஒரு பொருள் என்பது உச்சநீதிமன்றத்தின் கருத்து.

பட்டறைக்காரருக்கு வெற்றிதான். முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. தலைக்கவசத்தின் உருவம் தம்முடைய கற்பனையே என்று அவர் வாதிட்டதை 2008-லேயே நீதிபதி ஏற்கவில்லை. ரால்ப் மக்குவாரி என்ற ஓவியர் வரைந்த படங்கள் முதலில், அவற்றைப் பார்த்துப் பெம்பர்ட்டன் பிசைந்த மண் அடுத்து, எய்ன்ஸ்வொர்த்தின் வார்ப்பு மூன்றாவது என்றுதான் தீர்ப்பு வரிசைப்படுத்தியது. இந்த வரிசை நியாயமானதே. ஆனால் வரைந்த படத்தைத் தலையில் மாட்டிக்கொள்ள முடியாது. தொய்ந்த ஷீட்டை எந்த நொடியில் இறக்குவது என்று தெரிந்த கை அந்த மூன்றாவது ஆளுடையது. கோர்ட்டில் அதற்குத் தனிக் கணக்கு இல்லை. சினிமாவின் உடைகளுக்கு 1978-இல் ஆஸ்கார் விருது பெற்றவர் உடை வடிவமைப்பாளர் ஜான் மோலோ.

அமெரிக்கக் காப்புரிமையை மீறியது பற்றி இங்கிலாந்து நீதிமன்றமே விசாரிக்கலாம் என்றும் உச்சநீதிமன்றம் அதே தீர்ப்பில் கூறியது. அந்த அம்சத்தில் எய்ன்ஸ்வொர்த்துக்குத் தோல்வி. ஆக, டுவிக்கன்ஹாம் பட்டறையில் அவர் தலைக்கவசம் வார்க்கலாம், இங்கிலாந்தில் விற்கலாம். அமெரிக்க விலாசத்துக்கு மட்டும் பார்சல் போகக்கூடாது.