துடுப்புச் சத்தத்துக்குப் பறக்காத நாரைகள்

படகோட்டி துடுப்பை நீரிலிருந்து எடுத்து மடிமேல் வைத்துக்கொள்கிறார். வந்த வேகத்திலேயே படகு மெல்ல நகர்கிறது. ஆற்றின்மேல் சாய்ந்திருக்கும் கிளையில் ஒரு நாரை, குஞ்சுகளுக்கு முன்னால் குனிந்து மீனைக் கக்குகிறது. படகிலிருக்கும் கேமராக்கள் படபடக்கின்றன. நாரை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கர்நாடகத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சற்று மேலே காவிரிக்கு நடுவே இருக்கிறது ரங்கனத்திட்டு. வேடந்தாங்கலில் ஏரிக்கரையிலும் கண்காணிப்புக் கோபுரத்திலும் நின்று தொலைநோக்கியில் கூடுகளைத் தேடிப் பழகியவர்களுக்கு, இங்கே கிடைக்கும் நெருக்கம் நம்ப முடியாததாக இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டது. அதில் நீர் தேங்கியதால் உருவானவை இந்தத் திட்டுகள். மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி, இந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று மைசூர் அரசிடம் எடுத்துச் சொன்னார். 1940இல் இது சரணாலயமானது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே துப்பாக்கிச் சத்தம் இல்லை, கூட்டைக் கலைக்கும் கையும் இல்லை. வனத்துறையின் துடுப்புப் படகுகள் தினமும் ஏறக்குறைய ஒரே வழியில் வந்து போகின்றன. படகைக் கண்டால் பயப்படத் தேவையில்லை என்று பறவைகள் பழகிவிட்டன. இங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு நல்ல படமும் அந்த நம்பிக்கையின்மேல் நின்றே எடுக்கப்படுகிறது. கேமராவின் விலை அதற்குப் பிறகுதான்.

படக்காரர்கள் முதலில் தேடுவது மஞ்சள் மூக்கு நாரையை. வர்ண நாரை என்றும் சொல்வார்கள். வெள்ளை உடல், மார்பில் கறுப்புப் பட்டை, ஆரஞ்சுச் சிவப்பாகப் பளபளக்கும் முகம். இவற்றோடு, வால் பக்கம் ரோஜா நிறத் துணியைச் செருகிவிட்டதுபோல ஓர் இறகுக் கொத்து. இந்த ரோஜா நிறம்தான் படத்தில் முதலில் காணாமல் போகும். உச்சி வெயிலில் வெள்ளை இறகுகள் ஒளியை அள்ளி வீச, நுண்ணிய கோடுகள் எல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அதனால் அனுபவசாலிகள் ஒளியளவைச் சற்றுக் குறைத்து வைப்பார்கள். முடிந்தவரை காலை முதல் படகிலேயே ஏறிவிடுவார்கள்.

படகு ஆடிக்கொண்டே இருக்கும். முக்காலியை ஊன்றினால் படகின் ஆட்டம் அப்படியே கேமராவுக்கு ஏறும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு கையில் பிடித்து எடுப்பதே நல்லது. பறக்கும் நாரைக்கு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் இருந்தால் சிறகின் நுனிவரை துல்லியமாக வரும். எழுந்து நிற்கவே கூடாது. உட்கார்ந்திருக்கும் மனிதரும் படகும் பறவையின் கண்ணுக்கு ஒரே உருவம்; நின்றுவிட்டால் அது வேறு உருவம். தவிர, பாறைகளில் வெயில் காயும் முதலைகள் எல்லாம் உயிருள்ளவை.

வெயில் ஏறிவிட்டால் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குடைபோல நின்று குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். பார்ப்பவர் மனதைப் பிசையும் காட்சி அது. அந்த நேரத்தில் கைதட்டியோ கத்தியோ, ‘பறக்கும் படம்’ வேண்டும் என்று அதைக் கிளப்பிவிடுவது கொடுமை. நிழல் போய்விடும், காகமும் பருந்தும் காவலில்லாத கூட்டை நோக்கி வந்துவிடும். கிளையிலிருந்து தவறி விழும் குஞ்சுக்குக் கீழே காத்திருப்பது முதலை.

இன்னும் எளிதில் கெட்டுவிடுவது ஆற்று ஆலாவின் கூடு. கூடு என்றே சொல்ல முடியாது. மொட்டைப் பாறையின் சிறு பள்ளம், அதில் கூழாங்கல்போல இரண்டு மூன்று முட்டைகள். கறுப்புத் தொப்பியும் மஞ்சள் அலகும் கொண்ட தாய், வயிற்று இறகை ஆற்றில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்கிறது. படகு பாறையை ஒட்டி நின்று அதை விலக்கிவைத்தால், சுடும் கல்லின்மேல் முட்டைகள் வெந்துபோகும். இதை அறிந்த படகோட்டிகள், எவ்வளவு கெஞ்சினாலும் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் போகமாட்டார்கள். கேட்காமலே அவர்கள் காட்டுவதும் உண்டு: மூங்கில் மறைவில் உறங்கும் வக்கா, சேற்றில் அலகை இடமும் வலமும் வீசி நடக்கும் கரண்டிவாயன், நத்தையைப் பிடிக்க ஏதுவாக நடுவில் இடைவெளி விட்ட அலகோடு நிற்கும் நத்தைகுத்தி நாரை.

மழைக்காலம் தொடங்கி கிருஷ்ணராஜசாகர் அணையின் மதகுகள் திறந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். சில மணி நேரத்தில் திட்டுகளின் விளிம்பு மறையும், தாழ்ந்த கிளைகளில் இருந்த கூடுகள் நீரில் போகும். அதற்குள் சிறகு முற்றிய குஞ்சுகள் தப்பித்துக்கொள்ளும். மேட்டூரை நோக்கி அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, வெள்ளம் வடியும்வரை படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்.