பழைய ஜீப் வண்டிகளின் 'டக்' ஓசையும் அதன் பரிகாரமும்

மாட்டு வண்டியின் அச்சாணி தளர்ந்தால் அதன் ஓசையைக் கொண்டே குடியானவர் அதனை அறிந்துகொள்வர். வண்டியை அவிழ்க்குமுன் அதனைச் செப்பனிடவும் செய்வர். ஆயின், அதே குடியானவர் தம்முடைய ஜீப் வண்டியின் அடியில் 'டக்' என்ற ஓசை எழுந்தால், "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று சும்மா இருந்துவிடுகின்றனர். இது பெருந்தவறாகும். யந்திரம் பேசும் மொழி ஓசையே. அதனைக் காலத்தில் கேட்டறிந்தால் சிறு செலவோடு போகும். அசட்டை செய்தால் பெருஞ் செலவும் சிற்சமயம் உயிரபாயமும் நேரும்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வண்டி 1941 ஆம் ஆண்டில் போர்க்காலத் தேவைக்காகப் பெருவாரியாகச் செய்யப்படலாயிற்று. 1953 இல் வெளிவந்த சி.ஜே.-3பி என்னும் வகை நம் நாட்டிலும் நெடுங்காலம் செய்யப்பெற்றது. போடி, கம்பம் பக்கங்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி மலையேறும் வண்டிகளுள் இவ்வமைப்பின் வழிவந்தவை பல. சேற்று வழியிலும் கல்வழியிலும் உழைத்த இவ்வண்டிகளைக் கருதியே இக்கட்டுரை வரையப்படுகின்றது.

ஓசை எழும் காரணம்

எஞ்சினின் சக்தி கிளட்ச், கியர் பெட்டி, டிரான்ஸ்பர் கேஸ், புரப்பெல்லர் ஷாப்ட், கிரவுன் பினியன், ஆக்ஸில் ஆகியவற்றின் வழியே சக்கரத்தை அடைகின்றது. இவை ஒவ்வொன்றிலும் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே சிறிது இடைவெளி இருத்தல் இயல்பு. கிரவுன் சக்கரத்தின் பல்லில் ஏறத்தாழ 0.13 முதல் 0.23 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். தேய்வினால் இவ்விடைவெளிகள் பெருகி ஒன்றோடொன்று கூடும்போது, வண்டியை நகர்த்தினாலும் பின்னோக்கிச் செலுத்தினாலும், தளர்ந்த உறுப்புகள் ஒன்றையொன்று மோதுகின்றன. அம்மோதலே 'டக்' ஓசை. ஆதலின், ஓசையை முற்றும் ஒழிப்பது நம் நோக்கமன்று. மிகுதியான ஆட்டம் எவ்விடத்தில் உள்ளதென்று கண்டுபிடிப்பதே நோக்கமாகும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

வில்லிஸ் அமைப்பைத் தழுவிய பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில், புரப்பெல்லர் ஷாப்ட் புறப்படும் இடத்தில் உள்ளது. ஆகவே, பின் ஷாப்ட்டைக் கழற்றியவுடன் கை பிரேக்கும் இல்லாமற் போகின்றது. கியரில் விட்டு நிறுத்துவதும் அப்போது பயன்படாது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினாலும், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருண்டுவிடும். ஆகையால், சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்த பின்னரே அடியிற் புகவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டியின் கீழ்ப் படுக்கலாகாது.

ஓசையைக் கேட்டறிதல்

வண்டியைக் காலி மைதானத்தில் மெல்ல ஓட்டி, ஓசை எப்போது எழுகின்றதென்பதைக் குறித்துக்கொள்க.

(1) புறப்படும்போதும், பின்னோக்கிச் செலுத்தும்போதும் ஒரே முறை 'டக்' என்றால், கிராஸ், கிரவுன் பினியன், சக்கர ஹப், யு-போல்ட் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ தளர்ந்திருக்கலாம்.

(2) வண்டி நின்று ஒரு கணம் கழித்துப் பின்னாலிருந்து யாரோ முட்டினாற்போல் அதிர்ந்தால், ஷாப்ட்டின் வழுக்குப் பற்கள் கிரீஸின்றி வறண்டுள்ளன. இதற்குப் பெரும்பாலும் கிரீஸே மருந்து.

(3) மெல்லச் செல்கையில் குருவி கத்துவது போன்ற கீச்சொலி கேட்டால், கிராஸின் ஊசி உருளைகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. 'டக்' ஓசைக்கு முன்னறிவிப்பு இதுவே.

(4) வளைவில் திரும்பும்போது மாத்திரம் கேட்டால், டிபரன்ஷியலிலுள்ள ஸ்டார் பினியன்களையும் அவற்றின் ஊசியையும் ஐயுறுக.

(5) மேடுபள்ளத்தில் மாத்திரம் கேட்டால், பட்டையின் ஷாக்கிள், புஷ் முதலியன காரணமாகும். ஷாப்ட்டைக் குறை கூறவேண்டா.

(6) தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டியபின், நெம்புகோல் இறுகி, விடுவிக்கும்போது பலத்த ஓசை எழுந்தால், அது பழுதன்று, பிழையான உபயோகம். இவ்வண்டிகளில் முன் பின் அச்சுகளுக்கு நடுவே டிபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் செல்கின்றன. கெட்டியான ரோட்டில் சறுக்க வழியின்றி ஷாப்ட்டுகள் முறுக்கேறுகின்றன. சேற்றிலும் மணலிலும் மட்டுமே நான்கு சக்கர இழுவையை உபயோகிக்க வேண்டும். டயர்கள் நான்கும் ஒரே அளவாகவும் ஒத்த தேய்வுடனும் இருத்தல் அவசியம்.

கையால் சோதித்தல்

எஞ்சினை நிறுத்தி, முட்டுக்கட்டையிட்டு, கை பிரேக்கை இழுத்து வைத்துப் பின் ஷாப்ட்டை இரு கைகளாலும் இடமும் வலமுமாகத் திருகுக. பின் மேலும் கீழுமாக அசைக்க. கிராஸின் ஒரு பக்கத்துக் கவை அசைந்தும் மறுபக்கத்துக் கவை அசையாதிருப்பின், அந்தக் கிராஸ் தேய்ந்துவிட்டது. அங்கே கண்ணுக்குப் புலப்படும் ஆட்டம் எவ்வளவு சிறிதாயினும் அதனை மாற்றுவதே முறை. ஷாப்ட்டோடு பினியன் கவையும் சேர்ந்து திரும்பினால், அது கிரவுன் பினியன் பக்கத்து ஆட்டம், சிறிதளவு இருக்கலாம். ஆனால் பினியன் கவையைப் பிடித்து மேலும் கீழுமாக அசைக்க முடியுமாயின், அதன் நட்டோ பேரிங்கோ தளர்ந்துள்ளது. வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து, ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் செய்து, முதற் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறிக் கிளட்சைச் சிறிதே விடச் சொல்லி, பக்கவாட்டில் எட்ட நின்று நோக்குக. வண்டிக்கு முன்னும் பின்னும் நிற்கலாகாது. பின் அச்சு பட்டையின்மேல் நகர்ந்தால் யு-போல்ட் தளர்வு அல்லது நடு போல்ட் முறிவு. எஞ்சின் எழும்பி விழுந்தால் மவுண்டிங் ரப்பர் நைந்துள்ளது.

இச்சோதனையின் பயனுக்கு ஓர் உதாரணம். மலையடிவாரத்து நிலக்காரர் ஒருவரிடம், டிபரன்ஷியல் முழுவதையும் மாற்றவேண்டுமென்று ஒரு பட்டறையில் கூறினராம். அவர் அடுத்த அறுவடைப் பணத்தை அதற்கென ஒதுக்கவும் எண்ணியிருந்தார். மேற்சொன்னவாறு நோக்கியபோது, பின் அச்சு கண்ணெதிரே முன்னும் பின்னும் நகர்ந்தது. யு-போல்ட் நட்டுகளை முறைப்படி முடுக்கியதும் ஓசை அடங்கிற்று.

பரிகாரம்

முதலில் செலவில்லாதவற்றைச் செய்க. சக்கர நட்டுகள், கவை போல்ட்டுகள், யு-போல்ட்டுகள் அனைத்தையும் எதிரெதிராக முடுக்கி, ஒரு வாரம் ஓடியபின் மறுபடியும் முடுக்கவேண்டும். கிராஸின் நான்கு முனைகளிலும் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதிய கிரீஸ் ஏற்றுக.

கிராஸை மாற்றும்போது, கழற்றுமுன் ஷாப்ட்டிலும் கவையிலும் சுண்ணாம்பினால் அடையாளமிடுக. கிண்ணத்துக்குள் ஊசி உருளைகள் ஒன்றும் சாயாமலும், பூட்டு வளையங்கள் காடியில் முற்றும் அமர்ந்தும் இருத்தல் வேண்டும். வழுக்குப் பற்களைக் கோக்கும்போது ஷாப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். அம்புக்குறிகள் இருப்பின் அவை ஒன்றையொன்று நோக்க வேண்டும். ஒரு பல் தவறினும் வண்டி அதிரும். புதிய கிராஸும் விரைவில் தேயும்.

கூம்பு முனை ஆக்ஸிலும் சாவியும் உடைய வண்டிகளில், ஹப் நட்டு தளர்ந்தால் சாவி தேய்ந்து ஓசை எழும். அதனை முழு அளவு முடுக்குக. பின் ஊசிக்குத் துளை நேர்படாவிடில் இன்னும் முன்னோக்கியே முடுக்க வேண்டும், தளர்த்தலாகாது. கிரவுன் பினியனைச் சரிசெய்தல் அளவுகருவி வேண்டும் வேலையாதலின், தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுக. அதற்கு ஹைப்பாய்ட் எண்ணெயே ஏற்றது.

முடிவுரை

கிராஸ் முறியுமானால் நேர்வது யாது? முன்முனையில் முறிந்தால் ஷாப்ட் தரையிற் குத்தி வண்டியையே தூக்கியெறியக்கூடும். எம்முனையில் முறிந்தாலும், மேற்கூறிய அமைப்பால் எஞ்சினின் பிடியும் கை பிரேக்கும் ஒருங்கே பயனற்றுப் போகும். ஆட்களை ஏற்றிய வண்டி மலைச் சரிவில் கால் பிரேக் ஒன்றையே நம்பி நிற்கும். ஆகையால், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் நிலச்சுவான்தார்களும், வெள்ளம் முதலிய காலங்களில் இவ்வண்டிகளை உதவிக்கு அழைக்கும் கிராம அதிகாரிகளும், புறப்படுமுன் ஷாப்ட்டை ஒருமுறை கையாற் பிடித்துத் திருகிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷத்திற்குமேல் ஆகாது.