இல்லாத மைதானத்துக்கு இருக்கிற மண்

கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட இன்று ஒரு கோல்ஃப் மைதானம் கட்டிவிடலாம். 2014-இல் வந்த ‘தி கோல்ஃப் கிளப்’, அதன் வழிவந்த ‘பிஜிஏ டூர் 2கே21’ போன்ற வீடியோ கேம்களில் ஆட்டத்தோடு சேர்ந்து மைதானம் அமைக்கும் கருவியும் வருகிறது. மேடு எழுப்பலாம், பள்ளம் தோண்டலாம், மரம் நடலாம். பந்தை முதலில் அடிக்கும் ‘டீ’, நீண்ட புல்வெளியான ‘ஃபேர்வே’, மணல் பள்ளமான ‘பங்கர்’, கொடி நட்ட குழி இருக்கும் வழுவழுப்பான ‘கிரீன்’ என்று பதினெட்டு முறை அமைத்து முடித்தால் மைதானம் தயார். பலரும் தட்டையான வெற்றுத் தரையில்தான் தொடங்குகிறார்கள். கொஞ்சம் பேர் மட்டும் வேறு மாதிரி. உலகத்தில் எங்கோ உண்மையாகவே இருக்கும் ஒரு நிலத்தின் உயரத் தரவை இறக்கிக்கொண்டு, அதன்மேல் எங்குமே இல்லாத ஒரு மைதானத்தை அமைக்கிறார்கள். மைதானமே கற்பனை என்றான பிறகு மண்ணையும் கற்பனை செய்துவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தப் பாடு என்று தோன்றும். நான் அந்தக் கொஞ்சம் பேரின் கட்சி.

கையால் எழுப்பிய குன்றைத் திரையில் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். தட்டிலிருந்து கவிழ்த்த இட்லிகள்போல ஒவ்வொன்றும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் பதில் இருக்காது. உண்மை நிலத்தைக் காற்றும் தண்ணீரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அரித்தும் சேர்த்தும் வைத்திருக்கின்றன. அங்கே ஒரு சரிவு இன்னொரு சரிவில் போய்ச் சேரும். ஓடை தாழ்வைத் தேடியே போகும். கோல்ஃப் பந்தும் அந்த விஷயத்தில் தண்ணீருக்குச் சொந்தக்காரன்தான், தரையில் விழுந்ததும் தாழ்வைத் தேடி உருளும். ஆகவே நிலத்தின் ஒழுங்கு கெட்டால் காட்சி மட்டும் கெடுவதில்லை, ஆட்டமே கெடுகிறது. இந்த ஒழுங்கைக் கணினிக்குள் கொண்டுவருவது லைடார் என்ற அளவை முறை. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். மர உச்சியில் பட்டுத் திரும்பும் ஒளி உண்டு. இலை இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுவிட்டு வருவதும் உண்டு. பின்னதை மட்டும் பிரித்தெடுத்தால், காட்டை உரித்து எடுத்ததுபோல் வெறுந்தரை கிடைக்கும். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தன் லைடார் திட்டத்துக்கு வகுத்திருக்கும் அளவுகோல்படி சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 அளவீட்டுப் புள்ளிகள் வேண்டும். 60 ஹெக்டேர் மைதானம் என்றால் 12 லட்சம் புள்ளிகள். அந்தத் தரவை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமையும் தன் லைடார் தரவை 2015-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

தரவு கையில் வந்ததும் வடிவமைப்பாளர் முதலில் செய்வது வரைவதல்ல, பார்ப்பது. திரையில் சூரியனைத் தாழ்வாக இறக்கி, நிழலை நீட்டி, நிலத்தை அலசுகிறார். இரண்டு மேடுகளுக்கு நடுவே குதிரைச் சேணம்போல் ஒரு தாழ்வு தெரிந்தால் அது கிரீனுக்கு இடம். ஒரு முகடு கொஞ்சம் நீண்டு போய்ச் சட்டென்று இறங்கினால் அதன் நுனி டீக்கு இடம். உண்மை மைதானம் கட்டுபவர்களின் வேலையும் இதுவே. நெப்ராஸ்கா மாநிலத்தில் புல் போர்த்திய மணல்மேடுகள் சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கின்றன. அங்கே 1995-இல் திறந்த ‘சாண்ட் ஹில்ஸ்’ மைதானத்தை வடிவமைத்த பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் அந்த மேடுகளில் நடந்து திரிந்து, நிலத்திலேயே ஒளிந்திருந்த 130-க்கும் மேற்பட்ட ஆட்டப்பாதைகளைக் குறித்தார்கள். அவற்றிலிருந்து 18-ஐப் பொறுக்கினார்கள். பொறுக்குவதில்தான் வலி. ஆறாவது கிரீன் அற்புதமாக அமைந்திருக்கும். அங்கிருந்து ஏழாவது டீக்குப் போக ஒரு செங்குத்து ஏற்றம் குறுக்கே நிற்கும். வெற்றுத் தரையில் வேலை செய்பவர் அந்த ஏற்றத்தை ஒரே சொடுக்கில் அழித்துவிடுவார். நிலத்துக்கு மரியாதை கொடுப்பவர் சுற்றுவழி தேட வேண்டும், அல்லது ஆசைப்பட்ட கிரீனைக் கைவிட வேண்டும். அந்தத் தேடலில்தான் அவரே நினைத்துப் பார்க்காத ஒன்று கிடைக்கிறது. ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் மைதானத்தில் 13-ஆவது கிரீனுக்கு முன்னால் ஒரு பழைய கல்சுவர் ஓடுகிறது. காகிதத்தில் யோசிக்கிற எவருக்கும் அங்கே சுவர் வைக்கத் தோன்றாது. இன்று அந்தச் சுவரைத் தாண்டி அடிப்பதற்காகவே அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் லைடோ. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு முதல் உலகப் போர்க் காலத்தில் கட்டிய மைதானம் அது. சதுப்பு நிலத்தில் சுமார் 20 லட்சம் கன கெஜம் மணலைக் கொட்டி, ஒவ்வொரு மேட்டையும் மனிதக் கையால் உண்டாக்கினார்கள். உலகின் தலைசிறந்த மைதானங்களில் ஒன்று என்று பேசப்பட்ட அது, இரண்டாம் உலகப் போரில் கடற்படை எடுத்துக்கொண்டதோடு மறைந்தது. பல ஆண்டுகள் கழித்து ஒரு ரசிகர் பழைய புகைப்படங்களை வைத்து அதை வீடியோ கேமுக்குள் எழுப்பினார். அந்தக் கணினி வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு டாம் டோக் என்ற வடிவமைப்பாளர் விஸ்கான்சின் மாநிலத்தில் 2023-இல் மறுபடியும் உண்மை மண்ணில் அதைக் கட்டி முடித்தார். மண் முழுக்கச் செயற்கையாக இருந்தும் மைதானம் காலத்தை வென்றிருக்கிறதே என்றால், வென்றிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெக்டொனால்டு அந்த மேடுகளை எங்கிருந்து எடுத்தார்? அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிரிட்டனுக்குப் போய், அங்குள்ள புகழ்பெற்ற ஆட்டப்பாதைகளை அளந்து வரைபடங்களாகச் சேர்த்துவைத்தவர் அவர். லைடோவின் செயற்கை மேடுகளில் பல, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து நிலங்களில் கற்ற பாடம். லைடார் இல்லாத காலத்தில் அவர் கையால் செய்ததைத்தான் இன்றைய ரசிகர் விசைப்பலகையில் செய்கிறார்.

அப்படியானால் அந்த உண்மை மைதானங்களையே நகலெடுத்துவிடலாமே? எடுக்கிறார்கள். ‘டைகர் வுட்ஸ் பிஜிஏ டூர் 12’ விளையாட்டுக்காக அகஸ்டா நேஷனல் மைதானத்தை லேசரால் அளந்து 2011-இல் வெளியிட்டார்கள். நல்ல வேலைதான், ஆனால் அது படியெடுப்பு. டீ எங்கே, கிரீன் எங்கே என்ற முடிவுகளையெல்லாம் வேறொருவர் எப்போதோ எடுத்துவிட்டார். கற்பனை மைதானத்தில் மண் மட்டுமே கடன். ஆடுபவருக்கு இந்த வித்தியாசம் தெரியவா போகிறது என்று கேட்டால், பெயர் சொல்லத் தெரியாது. பந்து உருண்டு நிற்கும் இடம் அவருக்கு அதைச் சொல்லிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. ஸ்காட்லாந்தின் மெனியில் 2012-இல் திறந்த மைதானத்துக்காகக் கடற்கரை மணல்மேடுகளில் கைவைத்தார்கள். அந்த இடத்துக்கு இருந்த அறிவியல் முக்கியத்துவப் பாதுகாப்பு 2020-இல் பறிபோனது. திரையில் அதே மணல்மேட்டில் ஒன்பது மைதானம் கட்டினாலும் ஒரு புல் சாகாது.

லைடாரை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. அதன் புள்ளிகள் உயரத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் பிசகலாம். குன்றுக்கு அது தூசு. கிரீனில் அப்படியல்ல: அங்கே 2 சதவீதச் சரிவு என்றால் 5 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். பிசகும் சரிவும் ஒரே அளவு! ஆகவே கிரீனை மட்டும் வடிவமைப்பாளர் தன் கையால்தான் இழைக்க வேண்டும். தரவை அப்படியே விட்டால் பந்து கரடுமுரடாகத் துள்ளும். ஏரியும் அப்படித்தான். இந்த லேசரின் அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடுவதால் அந்த இடம் தரவில் ஓட்டையாக வரும், அடைக்க வேண்டும்.

நம் ஊர் மலையில் இப்படி ஒரு மைதானம் கட்ட ஆசைப்படுபவருக்கு இப்போதைக்குச் சிக்கல்தான். இந்திய அரசின் ‘புவன்’ வரைபடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் உயரத் தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு கிரீனின் பரப்பு சுமார் 500 சதுர மீட்டர். இந்தத் தரவில் 900 சதுர மீட்டருக்கு ஒரே ஓர் எண். 2022-இல் அறிவித்த தேசிய புவியிடக் கொள்கை, மலைப்பகுதிகளுக்கு 1 முதல் 3 மீட்டர் துல்லியத்தில் உயர வரைபடம் வேண்டும் என்கிறது. அதற்கு வைத்திருக்கும் கெடு 2030.